வேப்பமரத்தை முழுசா ஸ்கேன் பண்ணினா போதாதா?

பிப்ரவரி 3, கேள்வி

புதுச்சேரி பழைய தெரு ஒன்றை கேமுக்காகக் கட்டிக்கிட்டிருக்கேன். சுவர், தூண், மரக்கதவு எல்லாம் போட்டோகிராமெட்ரியில, அதாவது நிறைய படத்திலிருந்து முப்பரிமாண உருவம் எடுக்கிற முறையில, நல்லா வந்துடுச்சு. தெருமுனை வேப்பமரத்தையும் அதே மாதிரி 400 படம் எடுத்துப் போட்டேன். அடிமரம் அருமை. மேலே போனா பச்சைக் களிமண் உருண்டை. இன்னும் நிறைய படம் எடுத்தா சரியாகுமா, இல்ல ட்ரோன் வேணுமா? முழு மரத்தை ஸ்கேன் பண்ணினவங்க சொல்லுங்கண்ணா.

பிப்ரவரி 3, இரவு

சரியாகாது தம்பி. 4,000 படம் எடுத்தால் இன்னும் பெரிய உருண்டை வரும்.

ஒரே புள்ளி மூன்று நான்கு படத்தில் அசையாமல் இருந்தால்தான் மென்பொருள் அதன் இடத்தைக் கணக்கிடும். சுவர் நிற்கும், வேப்பிலை நிற்காது. காற்றே இல்லாத நாளிலும் இரண்டு படத்துக்கு நடுவில் இலை ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். அப்படியே நின்றாலும் அளவு இடிக்கும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், 6 மீட்டர் தூரம் என்றால் ஒரு பிக்சலுக்கு ஒரு மில்லிமீட்டர். வேப்ப ஈர்க்கின் தடிமனே அவ்வளவுதான். போதாததற்கு ஒரு இலை பக்கத்து இலை மாதிரியே இருக்கும், பின்னால் வெள்ளை வானம் வேறு. மென்பொருளைக் குறை சொல்லி என்ன பயன்?

மரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தூரிலிருந்து 2.5 மீட்டர் வரை ஸ்கேன். இலையும் நுனிக் குச்சியும் பறித்துவந்து மேசை மேல் ஸ்கேன். நடுவில் உள்ள கிளை, கொப்பு முழுவதும் அளந்தெடுத்த விதியை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே, அதாவது ப்ரொசீஜரலாக, வளர்ப்பது. இதில் கஷ்டமான வேலை எது என்றால் மூன்றுமே இல்லை, மூன்றையும் ஒட்டுவதுதான்.

பிப்ரவரி 4

அடிமரம். சுற்றளவு 1.8 மீட்டர் உள்ள வேம்பு என்று வைத்துக்கொள்வோம்.

பட்டையிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி நின்று சுற்றி வரணும். ஒரு சுற்றுக்கு 40 படம், அதாவது 9 டிகிரிக்கு ஒன்று, கால் நகர்த்துவது ஒரு சாணுக்குச் சற்று மேல். முழங்கால் உயரம், நெஞ்சு உயரம், மோனோபாடில் தூக்கிப் பிடித்து தலைக்கு மேல் என மூன்று சுற்று. நான்காவது, மேல்நோக்கிச் சாய்த்து, முதல் கவை (கிளை பிரியும் இடம்) வரைக்கும். தூரில் வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்துக்குத் தனியாக 25 படம், குனிந்து, கிட்டத்தில். மொத்தம் 185. இதற்கு மேல் எடுத்தால் கம்ப்யூட்டர்தான் திணறும், பட்டை கூடாது.

கேமராவில் துளை எஃப் 8, உணர்திறன் ஐஎஸ்ஓ 400க்குள், ஷட்டர் 1/125க்குக் குறையாமல், எல்லாமே மேனுவல், வொயிட் பேலன்ஸ் பூட்டியது, ரா கோப்பு. முதல் படத்தில் நிறம் சரிபார்க்க கிரே கார்டு (சாம்பல் அட்டை). இந்தத் தூரத்தில் ஒரு பிக்சலுக்கு 0.26 மி.மீ. கிடைக்கும். வேப்பம்பட்டையின் வெடிப்புக்குள் இருக்கும் செம்பழுப்பு நிறம் வரைக்கும் தெரியும்.

நம்ம கரையில் வெளிச்சம்தான் பிரச்சினை. சூரியன் கடலிலிருந்து நேராக எழும்பி, கிழக்குப் பக்கப் பட்டை மஞ்சளாகவும் மேற்குப் பக்கம் நீலமாகவும் ஆகிவிடும். அதைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். பதினோரு மணிக்கு மேல் கடல்காற்று எழும், கிளை ஆடும், நிழலும் ஆடும். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். ஈரப்பட்டை கறுத்து, மினுங்கி, ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு மினுக்கம் காட்டும்.

கடலோரத்தில் எடுத்தால் நாலு சுற்றுக்கும் நடுவில் லென்ஸைத் துடையுங்கள். உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் குறைந்து, நான்காவது சுற்று மட்டும் ஒட்டாமல் போகும்போதுதான் தெரியும்.

பிப்ரவரி 4, பிறகு

அளவுகோல் சொல்ல மறந்துவிட்டது. இரண்டு குச்சியில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு மார்க்கர் ஒட்டி, மரத்தின் இரண்டு பக்கத்திலும் நட்டு வையுங்கள். ஒன்று போதாது. ஒன்றின் தவறை இன்னொன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரி 6

'மொபைல் போதுமா' என்று கேட்டவருக்கு: போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, எச்டிஆரை அணைத்து, அல்ட்ரா வைடைத் தொடாமல் எடுத்தால். மொபைல் தானாகவே ஷார்ப் செய்துவிடுவதால் பட்டையில் இல்லாத வரி ஒன்று இரண்டு முளைக்கும், அது மட்டும் சகிக்கணும். சில போனில் இருக்கும் லைடார் (லேசரால் தூரம் அளப்பது) பட்டைக்கு உதவாது, அதன் நுணுக்கம் சென்டிமீட்டர் கணக்கு. ஆனால் முதல் கவை எத்தனை அடி, எந்தக் கிளை எந்தத் திசை என்று குறிக்க அதைவிட வசதி கிடையாது.

மென்பொருள் எதுவானாலும் சரி. மெஷ்ரூம் இலவசம், டெப்த் மேப்புக்கு (தூரக் கணக்குக்கு) என்விடியா கார்டு கேட்கும். மெட்டாஷேப்பில் மாஸ்க் வேலை (வேண்டாததை மறைப்பது) சுலபம். ரியாலிட்டி கேப்சர் (இப்போது பெயர் ரியாலிட்டி ஸ்கேன்) வேகம். இதில் எது உசத்தி என்று இங்கே சண்டை ஆரம்பிக்க வேண்டாம்.

பிப்ரவரி 9

தெருமரம் என்றாலே அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை போட்டிருக்கும். சுண்ணாம்பு வெள்ளையில் கேமராவுக்குப் பிடிமானம் இல்லை, அந்த இடத்தில் மட்டும் மெஷ் (முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு) சொரசொரவென்று சோறு கொதித்த மாதிரி வரும். முக்கால் ஸ்டாப் அண்டர் எக்ஸ்போஸ் பண்ணுங்கள், அல்லது ரா கோப்பில் ஹைலைட்டை இறக்குங்கள். வண்ணத்தைப் பிற்பாடு அழிக்க நினைக்காதீர்கள், அது தெருவின் அடையாளம். வேண்டாம் என்றால் நிறத்தை மட்டும் மேல்பட்டையிலிருந்து குளோன் செய்து, மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப்பை அப்படியே விட்டுவிடலாம். வண்ணத்துக்கு அடியிலும் பட்டை அதே பட்டைதான்.

ஆணி, தகர விளம்பரம் இருந்தால் ஸ்கேன் செய்யுங்கள், நல்ல விவரம். மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்த வேம்பாக இருந்தால் துணியை அவிழ்க்கக் கூடாது, வேறு மரம் பாருங்கள். தொழில்நுட்பக் காரணமும் உண்டு: துணி ஆடும்.

பிப்ரவரி 11

185 படத்திலிருந்து வரும் கச்சா மெஷ் 3, 4 கோடி முக்கோணம் இருக்கும். பயப்பட வேண்டாம். மிதக்கும் துண்டுகளை வெட்டி, தரையை ஒரு கை அகலம் மட்டும் விட்டுவிட்டு, 20 லட்சத்துக்குக் குறைத்து அதை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் சுற்றுக்கு 64 புள்ளி, உயரத்துக்கு 90 வளையம் உள்ள உருளையை இழுத்து ஒட்டினால் கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.8 செ.மீ. சதுரம், மொத்தம் 11,520 முக்கோணம். மூலத்திலிருந்து நார்மல், ஆம்பியன்ட் ஆக்லூஷன் (இடுக்கு நிழல்), டிஸ்பிளேஸ்மென்ட் (உயரம்) மூன்றையும் படமாக இதன் மேல் பதிக்கணும், அதாவது பேக் செய்யணும்.

டெக்ஸ்சர் (மேலே போர்த்தும் படம்) 8கே போதும். 1.8 மீட்டர் சுற்றளவுக்கு 8,192 பிக்சல் என்றால் மில்லிமீட்டருக்கு நாலரை. கேமராவே நாலுக்குக் கீழேதான் கொடுத்தது. 16கே போடுவது பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுகிற வேலை.

டெக்ஸ்சரைப் போர்த்தும்போது ஓரம் சேரும் யூவி தையலை மரத்தின் பின்பக்கம் என்று நினைத்து வைக்காதீர்கள். கேமில் பின்பக்கம் கிடையாது. ஆழமான வெடிப்பு ஒன்றைப் பிடித்து, அதன் வழியே வளைந்து வளைந்து தையலைக் கொண்டுபோங்கள்.

பிப்ரவரி 15

மாசி பிறந்துவிட்டது. வேம்பு இலை உதிர்க்கும். கிளை அளக்க வருஷத்தில் இதுதான் காலம், பங்குனியில் கொழுந்து மூடிவிட்டால் கவையே தெரியாது. அதனால் மற்றதை ஓரமாக வைத்துவிட்டு இதை முதலில் முடியுங்கள்.

அளக்க வேண்டியது: முதல் கவையின் உயரம், எட்டும் வரை ஒவ்வொரு கவைக்கும் தாய்க்கிளை, பிள்ளைக்கிளைகளின் சுற்றளவு, பிரியும் கோணம், ஒரு கவைக்கும் அடுத்த கவைக்கும் இடையே நீளம். கோணத்துக்கு மொபைல் கிளைனோமீட்டர் போதும். நாலு திசையிலிருந்தும் வானத்தைப் பின்னணியாக வைத்து நிழலுருவப் படம் நாலு. சுற்றளவைக் கவையிலேயே அளந்தால் தப்பு, அங்கே வீங்கியிருக்கும். கிளையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி டேப்பைச் சுற்றணும்.

தடிமன் விதி லியொனார்டோ டா வின்சி குறித்துவைத்ததுதான்: பிள்ளைக்கிளைகளின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கூட்டினால் தாயின் பரப்பு. 30 செ.மீ. விட்டமுள்ள கிளை 24, 18 என்று பிரிந்தால் அவற்றின் வர்க்கம் 576ம் 324ம் சேர்ந்து 900, 30இன் வர்க்கம், கச்சிதம். நிஜ மரம் இவ்வளவு கச்சிதமாக இருக்காது. அளந்த எண்ணை வைத்து, விட்டத்துக்குப் போடும் அடுக்கு 2 (வர்க்கம்) என்பதை 1.9, 2.2 என்று நகர்த்திக்கொள்ளுங்கள். அடுக்கு கூடினால் நுனிக் கிளை தடிக்கும், மரம் கொழுகொழுவென்று பொம்மை மரமாகும். குறைந்தால் நுனியெல்லாம் நூலாகும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் 'என்னமோ ஒட்டல' என்பார்கள்.

பிப்ரவரி 16

வளர்ப்பதற்கு இரண்டு வழி. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளின் சாப்ளிங், 1995இல் வெபர், பென் இருவரும் எழுதிய முறை. 4.2 பதிப்பிலிருந்து கூடவே வருவதில்லை, எக்ஸ்டென்ஷன் தளத்திலிருந்து இறக்கணும். கோணம், நீளம், எண்ணிக்கை எல்லாம் நாம் கொடுக்கிறோம். நெட்டுக்குத்தாக, அடுக்கு அடுக்காக வளரும் மரத்துக்கு நல்லது. நாட்டு வாதாம் அதில் அப்படியே வரும்.

வேம்புக்கு ஸ்பேஸ் காலனைசேஷன்தான் பொருந்தும், 2007இல் வந்த முறை. மரத்தின் தலைக்கட்டு வடிவத்தில் ஒரு கூடு செய்து அதற்குள் புள்ளிகளைத் தூவினால், கிளை அந்தப் புள்ளிகளைத் தேடிப் போகிறது. எட்டியதும் அந்தப் புள்ளி அழிகிறது. இடம் கிடைத்த பக்கம் நீளும், கிடைக்காத பக்கம் நின்றுவிடும், மரத்தின் குணமே அதுதான். 7 மீட்டர் அகலத் தலைக்கு 6,000 புள்ளி, ஒரு தடவை வளர்ச்சி 12 செ.மீ., ஈர்ப்புத் தூரம் 1.2 மீட்டர், அழிப்புத் தூரம் 25 செ.மீ. என்று ஆரம்பியுங்கள்.

அழிப்புத் தூரத்தை ஒரு தடவை வளர்ச்சியைவிடக் குறைத்தால், கிளை புள்ளியைத் தாண்டிப் போய்த் திரும்பி, மறுபடி தாண்டி, காக்கைக்கூடு கட்டும். ஈர்ப்புத் தூரம் அதிகமானால் எல்லாக் கிளையும் ஒரே பக்கம் ஓடும், இலவசப் பேருந்தைப் பார்த்த மாதிரி. புள்ளிகளைக் கூடு முழுக்கச் சமமாகத் தூவாதீர்கள். வேப்பமரத்தின் உள்பக்கம் வெற்றாக இருக்கும், இலையெல்லாம் வெளி ஓட்டில். அதனால் வெளியே 70 சதவீதம், உள்ளே 30.

முதல் மூன்று நான்கு கவையை விதியிடம் விடாதீர்கள். அளந்து வைத்ததைக் கையால் கர்வ் போட்டு வரையுங்கள். 'இது அந்தத் தெருமுனை மரம்' என்று கண்டுபிடிக்க வைப்பது அந்த நாலு கவைதான். மேலே உள்ளதை எந்த ரேண்டம் எண் வளர்த்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 20

ஒட்டும் வேலை. ஸ்கேன் உருளையின் மேல் வளையத்தில் 64 புள்ளி. ப்ரொசீஜரல் கிளையும் அங்கே 64இல் தொடங்கி, போகப்போக 32, 16, 8 என்று குறையட்டும். கிளைகள் ஒன்றோடொன்று சேரும் கவைக்கு ஒரு செ.மீ. வாக்ஸல் ரீமெஷ் (சிறு கனசதுரக் கணக்கில் மேற்பரப்பை மறுபடி கட்டுவது) போட்டால் ஒரே தோலாக ஆகிவிடும்.

பட்டை நிறத்துக்கு, ஸ்கேனின் மேல் 30 செ.மீ.யில் ஒரு மாஸ்க். அதை நேராக மங்கவைக்காதீர்கள், மூடுபனி மாதிரி தெரியும். இரண்டு பட்டையின் உயர மேப்பையும் ஒப்பிட்டு எது மேடோ அது தெரியட்டும். ஒரு பட்டையின் வெடிப்புக்குள் இன்னொன்றின் மேடு நுழைந்து, விரல் கோத்த மாதிரி சேரும்.

பிப்ரவரி 22

ப்ரொசீஜரல் கிளைக்குத் திரும்பத் திரும்ப ஒட்டும் டைல் பட்டையை ஸ்கேனிலிருந்தே வெட்டுங்கள், வேறு எங்கிருந்தோ இறக்கினால் நிறம் காட்டிக்கொடுக்கும். அகலம் 90 செ.மீ. என்றால் 1.8 மீட்டர் சுற்றளவில் இரண்டு முறை சுற்றும். முழு எண்ணாகத்தான் சுற்ற முடியும், ஒன்றரை என்று கிடையாது. எண் மாறுவதைக் கவையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் அங்கே தடிமன் சட்டென்று இறங்குகிறது. சுற்றில் எவ்வளவு சுருங்குகிறதோ நீளத்திலும் அவ்வளவு சுருக்கணும், இல்லாவிட்டால் வெடிப்பெல்லாம் சேமியாவாக நீளும்.

ஒரே பட்டையை நுனி வரைக்கும் ஓட்டுவது பலரும் செய்யும் தப்பு. வேம்பின் இளங்கொப்பு வழவழப்பு, சாம்பல் பச்சை, புள்ளி புள்ளியாக இருக்கும். வெடிப்பே கிடையாது. 12 செ.மீ. விட்டத்துக்கு மேல் முதிர்ந்த பட்டை, 4 வரைக்கும் நடுத்தரம், அதற்குக் கீழே இளசு. மூன்று மெட்டீரியல் வேண்டாம், ஒரே மெட்டீரியலில் கிளையின் ஆரத்தை வெர்டெக்ஸ் (முக்கோண முனை) நிறமாகக் கொடுத்துக் கலந்தால் போதும்.

மார்ச் 2

20ஆம் தேதி வாக்ஸல் ரீமெஷ் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தோல் ஒன்றாகிவிடும், உண்மை. கூடவே யூவி முழுக்க அழிந்துவிடும், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 64, 32 என்று கட்டிய வளையமெல்லாம் போய், கவையைச் சுற்றி ஒழுங்கில்லாத கட்டம். மறுபடி யூவி பிரித்தால் கவை நடுவில் தையல் விழும், தையல் விழவே கூடாத இடம். அசையாத, தூரத்து மரத்துக்கு அது பரவாயில்லை. தெருமுனை மரத்துக்கு ஆகாது.

இப்படிச் செய்யுங்கள். பிள்ளைக்கிளையின் அடி வளையத்தைத் தாய்க்கிளைக்குள் இரண்டு செ.மீ. புதையுங்கள். அதற்கு வெளியே ஒரு வளையம் சேர்த்து, கிளை விட்டத்தில் ஒன்றரை மடங்குக்கு விரித்து, தாயின் பரப்பில் ஷ்ரிங்க்ராப் செய்து படிய வையுங்கள், சட்டைக் காலர் மாதிரி. காலரின் வெளி விளிம்புக்கு மட்டும் தாயின் நார்மலை (மேற்பரப்பு பார்க்கும் திசையை) டேட்டா டிரான்ஸ்ஃபரில் கடத்துங்கள். வெளிச்சம் இரண்டின் மேலும் ஒரே மாதிரி வழியும், கோடு காணாமல் போகும். அதன் மேல் அதே உயர மேப் கலவை. யூவி கெடாது, கூடும் முக்கோணம் கவைக்கு நூறுக்குள்.

பெரிய கவை ஒன்றிரண்டுக்கு ஸ்கேன்தான் சரி. கவையின் மேல்பக்கத்தில் பட்டை மடிந்து மடிந்து, முழங்கை உள்மடிப்பு மாதிரி சுருங்கியிருக்கும். அதை எந்த விதியாலும் வளர்க்க முடியாது. ஏணி போட்டு 60 படம். வெட்டிப் போட்ட விறகுக் கவை கிடைத்தால் இன்னும் நல்லது, மேசை மேல் வைத்துச் சுழற்றலாம்.

மார்ச் 5

கொழுந்து விட்டுவிட்டது. இலை ஸ்கேன்.

சொற்கள் முதலில், குழப்பம் வருகிறது. வேம்பில் நாம் 'இலை' என்று சொல்வது சிற்றிலை. ஈர்க்கும் அதன் இரு பக்கச் சிற்றிலைகளும் சேர்ந்த முழு இணுக்குதான் தாவரவியலில் ஒரு இலை. இங்கே இணுக்கு என்றே சொல்கிறேன்.

முற்றிய இணுக்கு பத்து, பாதி முற்றியது ஐந்து, செம்பு நிறக் கொழுந்து ஐந்து, பழுத்தது இரண்டு, பூச்சி அரித்தது இரண்டு. பறித்ததும் ஈரத்துணியில் சுற்றி, கால் மணிக்குள் ஸ்கேனரில் வைக்கணும். தாமதித்தால் சிற்றிலை ஓரம் உள்ளே சுருளும். சாதா ஏ4 ஃப்ளாட்பெட் போதும், 600 டிபிஐ. 6 செ.மீ. சிற்றிலைக்கு 1,400 பிக்சல் கிடைக்கிறது, ஓரத்து ரம்பப்பல் ஒவ்வொன்றும் எண்ணலாம். மூடியை அழுத்தாதீர்கள். மூடியைத் திறந்து வைத்துக் கறுப்புத் துணி போர்த்துங்கள். வெள்ளைப் பின்னணி வைத்தால் ஓரத்தில் வெள்ளைக்கோடு உள்ளே புகுந்து, மரம் முழுக்கச் சுண்ணாம்பு தெளித்த மாதிரி ஆகும். வெட்டிய பிறகும் இலையின் நிறத்தை ஓரத்துக்கு வெளியே 16 பிக்சலாவது பரப்பிவிடுங்கள்.

மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டும் தனித்தனி. அடிப்பக்கம் வெளிறியது, மினுக்கம் கம்மி. ரஃப்னஸ் (சொரசொரப்பு) மேலே 0.45, அடியில் 0.65 என்று தொடங்கலாம். ஊடுருவும் ஒளிக்கு ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டி அதன் மேல் இணுக்கை வைத்து ஒரு படம். நரம்பு இருண்டு, சதை மஞ்சள்பச்சையாக எரியும். பச்சையை அப்படியே பிரகாசப்படுத்தி டிரான்ஸ்லூசென்சி மேப் என்று போடுபவர்கள் இந்த மஞ்சளைத் தவறவிடுகிறார்கள், காலை வெயிலில் வேம்பு பிளாஸ்டிக்காகத் தெரிவது அதனால்தான்.

சிற்றிலையின் இரண்டு பாதியும் சமம் கிடையாது, அடி கோணலாக, அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். பாதியை மிரர் செய்து சோம்பேறித்தனம் பண்ணாதீர்கள். கறிவேப்பிலை வந்து நிற்கும்.

மார்ச் 6

கறிவேப்பிலைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்கும் பாதிகள் சமமில்லை. உவமை தப்பு. மிரர் பண்ணாதீர்கள் என்பது சரி.

மார்ச் 11

'ஒவ்வொரு சிற்றிலையும் தனி கார்டா?' கார்டு என்றால் இலைப்படம் ஒட்டிய தட்டைத் துண்டு. கணக்குப் போட்டால் தெரியும். நுனிக் கொப்பு 2,400. ஒவ்வொன்றிலும் 8 இணுக்கு, ஆக 19,200. இணுக்குக்கு 25 சிற்றிலை என்றால் 4,80,000. ஒன்றுக்கு 8 முக்கோணம் கொடுத்தால் 38 லட்சத்து 40 ஆயிரம். ஆஃப்லைன் ரெண்டருக்கு இன்ஸ்டன்ஸ் (ஒன்றையே பல இடத்தில் காட்டுவது) செய்து தாராளமாகப் போடலாம். மொபைல் கேமுக்கு நினைக்கவே கூடாது.

நடுவழி: இணுக்குக்கு ஒரு கார்டு, ஈர்க்கு வழியாக ஒரு மடிப்பு, நுனி தொங்க இரண்டு வளைவு, 10 முக்கோணம். மரத்துக்கு 1,92,000. இன்னும் குறைக்க எட்டு இணுக்கையும் சேர்த்து ஒரு கொத்தாக ரெண்டர் எடுத்து 40 முக்கோணத்தில் அடக்கினால் 96,000. கார்டைச் சதுரமாக விடாமல் இலை ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். முக்கோணம் கூடினாலும் வெற்றிடம் குறையும், ஒரே பிக்சலைப் பத்து முறை வரைவது குறையும், மொத்தத்தில் லாபம்.

அன்ரியல் கேம் எஞ்சினில், முக்கோணத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நானைட் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். 5.1இலிருந்து மாஸ்க் மெட்டீரியலை ஏற்கும், ஆனால் செலவு அதிகம். அங்கே ஆல்பாவை (ஊடுருவித் தெரியும் பகுதியை) விட்டுவிட்டு நிஜ இலை வடிவமாகவே வெட்டுவது மலிவு. தூரத்தில் நானைட் சிற்றிலைகளைக் கரைத்து மரத்தை மொட்டையாக்கினால் பிரிசர்வ் ஏரியா என்ற தேர்வைப் போடணும்.

மார்ச் 14

இலை நார்மலைப் பற்றி ஒரே வரி கேட்டிருந்தார்கள். தலைக்கட்டைச் சுற்றி ஒரு மென்மையான கூடு செய்து அதன் நார்மலை இலைக்குக் கடத்துவது 60 சதவீதம் வரைக்கும் நல்லது. 100 சதவீதம் கடத்தினால் பஞ்சுமிட்டாய்.

மார்ச் 18

இந்தப் பேச்சு வேப்பமரத்திலிருந்து பிச்சாவரம் அலையாத்திக்காட்டுக்குப் படகேறிவிட்டது. சரி.

படகிலிருந்து ஸ்கேன் செய்வது வீண். நீயும் ஆடுகிறாய், தண்ணீரும் ஆடுகிறது, பிம்பத்தையும் மென்பொருள் வேர் என்று நம்பி, தலைகீழாக இன்னொரு காடு கட்டும். தண்ணீர் இறங்கிய நேரத்தில் கரையில் நின்று, எல்லாப் படத்திலும் தண்ணீரை மாஸ்க் செய்தால் ஓரளவு வரும். ஆனால் சுரபுன்னையின் முட்டுவேர் ப்ரொசீஜரலுக்கென்றே பிறந்தது: தண்டிலிருந்து வெளியே வளைந்து இறங்கும் கர்வ், நடுவில் ஒன்றிரண்டு கவை, சேற்று மட்டத்தைத் தொட்டதும் நிற்கணும். ஒரு மீட்டர் வேர் மட்டும் ஸ்கேன் எடுத்து டைல் செய்தால் போதும். அலையாத்தியின் மூச்சுவேர் இன்னும் சுலபம், சேற்றில் நட்ட பென்சில்கள். உயரத்தை மட்டும் கலைத்துப் போடுங்கள், எல்லாம் ஒரே உயரமென்றால் ஆணிப்படுக்கை.

தில்லை மரத்தின் இலையைப் பறிக்கப் போகிறவர்கள் கவனம். பால் தோலில் பட்டால் புண், கண்ணில் பட்டால் ஆபத்து. ஸ்கேனர் கண்ணாடியில் அந்தப் பாலோடு இலையை வைத்து, அதே கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.

சவுக்குக்கு இலை கார்டு கேட்டவருக்கு: ஊசி போல் தொங்குவது இலை அல்ல, பச்சைக் குச்சி. இலை என்பது கணுவில் சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பல். அருகில் காட்டும் மரம் என்றால் ஊசியைக் கணுக் கணுவாகப் பிரித்து டெக்ஸ்சர் போடுங்கள்.

அசையாத மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் போகலாம். இலையும் கிடையாது, காற்றும் ஒன்றும் பண்ணாது.

மார்ச் 19

பனை ஒரே தடிமன் உருளை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அடி பெருத்திருக்கும், வேர்க்கற்றை மண்ணுக்கு மேலேயே தெரியும். லியொனார்டோ விதி இதற்குக் கிடையாது, கிளையே இல்லை. மட்டையை ஒன்றுக்கொன்று 137.5 டிகிரி திருப்பி 30 முதல் 40 வரை நடுங்கள். குருத்து நிமிர்ந்து, கீழ்மட்டை காய்ந்து தொங்கணும். மட்டையின் கருக்கை நார்மல் மேப்பில் விடாமல் முக்கோணமாகவே வெட்டுங்கள், வானத்துக்கு எதிரே முதலில் தெரிவது அதுதான்.

மார்ச் 24

நம்ம ஊர் மரம் முழுசாக வளர்ந்த மரமே அல்ல, அதைச் சொல்லணும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையேறியது. நடுவில் முறிந்து பிழைத்த மரத்துக்கு அடிமரம் கிழடாக, தலை இளசாக இருக்கும். முறிந்த இடத்துக்குக் கீழிருந்து நாலைந்து கொம்பு ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நெட்டுக்குத்தாகக் கிளம்பியிருக்கும். விதியில் இது தானாக வராது. வளர்த்து முடித்த மரத்தில், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் விட்டம் 15 செ.மீ.க்கு மேற்பட்ட கிளையை எல்லாம் வெட்டி, வெட்டுக்குக் கீழே 40 செ.மீ.க்குள் 5 முதல் 8 தளிர்க்கொம்பை 20, 25 டிகிரிக் கோணத்தில் நட்டு, மறுபடி வளர விடணும். வெட்டுவாயில் ஸ்கேன் செய்த பட்டுப்போன மொட்டைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள்.

தெருமரத்துக்கு மின்கம்பிப் பக்கம் வெட்டியிருக்கும். கம்பி போகும் வழியில் ஒன்றரை மீட்டர் ஆரத்தில் ஒரு குழாய் வைத்து, அதற்குள் விழும் ஈர்ப்புப் புள்ளிகளை அழித்துவிட்டால் மரம் தானாகவே ஒதுங்கி வளரும். இந்த ஒரு வித்தைக்காகவே ஸ்பேஸ் காலனைசேஷனைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடலுக்கு நேரே நிற்கும் மரம் என்றால் கூட்டைக் கிழக்கில் சரித்து, மேற்கில் நீட்டுங்கள். உப்புக்காற்று கடல்பக்கக் கொழுந்தைக் கருக்கிவிடும். அனிமேஷன் மூன்று அடுக்கு: அடிமரம் மிக மெதுவாக, கிளை அதைவிட வேகமாக, இணுக்கு படபடவென்று. ஒவ்வொரு கிளையும் தன் கவையைச் சுற்றி ஆட, கவையின் இடத்தை வெர்டெக்ஸிலோ டெக்ஸ்சரிலோ சேமித்து வைக்கணும். எல்லாக் கிளைக்கும் ஒரே ஃபேஸ் (ஆட்டம் தொடங்கும் நேரம்) கொடுத்தால் மரம் கும்மி அடிக்கும்.

மார்ச் 30, கேட்டவர்

அண்ணா, காலர் வேலை செய்யுது. இரண்டு பிரச்சினை. 40 மீட்டர் தள்ளிப் போனா பாதி இலை காணோம். அப்புறம் ஸ்கேன் முடிஞ்சு ப்ரொசீஜரல் ஆரம்பிக்கிற இடம், 2.5 மீட்டர்ல, கேமரா மேலே பார்த்தா லேசா தெரியுது. மஞ்சள் துணி கட்டி மறைச்சிடலாமா?

மார்ச் 30, இரவு

முதலாவது மிப்மேப், தூரத்துக்காக டெக்ஸ்சரைச் சிறிதாக்கி வைக்கும் பிரதிகள். டெக்ஸ்சர் சுருங்கச் சுருங்க ஆல்பா சராசரியாகி வெட்டு எல்லைக்குக் கீழே போய்விடுகிறது, மெல்லிய இலைதான் முதலில் பலியாகும். யூனிட்டியில் மிப்மேப்புக்குக் கவரேஜ் காக்கும் தேர்வு உண்டு, அன்ரியலில் டெக்ஸ்சர் அமைப்பிலேயே ஆல்பா கவரேஜ் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வெட்டு எல்லையை 0.5இலிருந்து 0.33க்கு இறக்குங்கள். தூரத்துக்காகக் கார்டைக் குறைத்த எல்ஓடி பிரதிகளில் மிச்ச கார்டைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்: பாதி கார்டு போனால் மிச்சத்தை 1.4 மடங்கு.

இரண்டாவது, மாஸ்க் நேர்க்கோட்டில் சுற்றி வருகிறது, அதனால்தான் கண்ணில் படுகிறது. இணைப்பை ஒரு பக்கம் 2.1 மீட்டரிலும் எதிர்ப்பக்கம் 2.7இலும் வைத்துச் சாய்த்துவிடுங்கள். பெரிய கவையின் ஸ்கேன் துண்டுக்குக் கீழே, கிளையின் நிழல் விழுகிற பக்கமாக உயரமான முனை வரட்டும்.

துணி கட்டலாம், ஒரு மரத்துக்கு. உங்கள் தெருவில் எத்தனை வேம்பு?

மார்ச் 31, கேட்டவர்

பதினொன்று.